சொல்லுக் கேட்டவர்கள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் ஒன்று ஹவ்வாவின் வீட்டைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருந்தது. குடியேற்றத்தின் கடைசி வரிசை வீடுகளுக்கும் பாங்கு கேட்க வேண்டும் என்று எப்போதோ கட்டியது. அதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. ஆனாலும் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அதிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் தன்னைத் தேடி வந்து அறைவதாகவே அவளுக்குப் பட்டது.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னன்," என்றது ஜப்பார் தண்டலின் குரல். "உப்புத் தண்ணியக் குடிக்காதீங்க, தூரத்துல தெரியிற வெளிச்சத்த நம்பிக் கடல்ல பாயாதீங்க எண்டு. மூணு பேரும் கேக்கல்ல. நான் கண்ணசந்த நேரத்துல செஞ்சிட்டாங்க. அல்லாஹ் அவங்கட பிழையப் பொறுக்கோணும். என்ட சொல்லக் கேட்டிருந்தா மூணு பேரும் இண்டைக்கு எனக்குப் பக்கத்துல இருந்திருப்பாங்க."

கூட்டம் 'ஆமீன்' என்றது. பிறகு யாரோ அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக அறிவித்தார்கள்.

ஹவ்வா வெள்ளைச் சேலையில், உள்ளறையில் பாய் மேல் உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா தொடங்கி இருபத்திரண்டு நாள். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகத்தில் விழிக்காமல் இருக்க வேண்டும். கணவன் றஸீனுக்கு மையித்து என்று ஓர் உடலும் இல்லை, அடக்கிய கபுறும் இல்லை. அவன் மவுத்தாகிவிட்டான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி ஜப்பாரின் வாய். அந்த வாய் சொன்னதை நம்பித்தான் அவள் வெள்ளை உடுத்தினாள். அதே வாய் இப்போது அவள் புருஷனைச் சொல்லுக் கேளாத மடையன் என்று ஊருக்குச் சொல்கிறது.

எதிர்த்துப் பேச ஊரில் ஒருவரும் இல்லை. ஜப்பார் சாதாரண ஆள் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை ஆயுதம் தாங்கிய இயக்கம் வெளியேறச் சொன்னபோது அவருக்குப் பத்தொன்பது வயது. வாப்பாவின் படகை எடுத்து, கொட்டும் மழைக்குள் கல்பிட்டிக் கரைக்கு மூன்று தடவை ஓடி ஆட்களை இறக்கினார். ஒரு குழந்தையைக்கூடக் கடலுக்குக் கொடுக்கவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் உம்மாவின் மடியில் ஐந்து வயது ஹவ்வாவும் இருந்தாள். இந்தக் குடியேற்றத்தில் பாதி வீடு அவர் படகில் வந்த வீடு. அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் இல்லை. படகை நடத்துகிறவர் என்ற பொருளில் 'தண்டல்' என்றால் போதும், அது அவர்தான்.

றஸீன் பன்னிரண்டு வருடம் அவரோடு மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். "தண்டல் இருக்கிற போட்டுல எனக்கென்ன பயம்?" என்பான். இந்த வருடம் தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்க முன் கடைசித் தொழில் என்று வைகாசி நடுவில் நான்கு பேர் போனார்கள். ஜப்பார், றஸீன், பள்ளிவாசல் தலைவர் பதுர்தீனின் மகன் சியாம், உடப்புப் பக்கத்து எமில். ஐந்தாம் நாள் இயந்திரம் செத்தது. பத்தொன்பதாம் நாள், காலிக்குத் தெற்கே ஒரு சரக்குக் கப்பல் படகைக் கண்டது. அதில் ஜப்பார் மட்டும் இருந்தார்.

மகள் ஸஹ்னா அடுத்த நாள் பாடசாலையிலிருந்து முகம் சிவந்து வந்தாள். புத்தகப் பையைக் கதிரை மேல் எறிந்தாள்.

"உம்மா, தானாக் கடல்ல பாஞ்சு மவுத்தானா ஜனாஸாத் தொழுகை இல்லியாமே? வகுப்புல கதைக்கிறாங்க."

"ஆர் சொன்ன?"

"எல்லாரும்தான். வாப்பா ஏன் உம்மா தண்டல்ட சொல்லக் கேக்கல்ல?"

ஹவ்வா கதிரையில் கிடந்த பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. றஸீனுக்கு நீச்சல் சரியாக வராது. களப்பில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கமாட்டான். கடலில் பிழைக்கிற பாதிப் பேர் அப்படித்தான். அப்படிப்பட்டவன் இருட்டுக்குள், தானாகவே, நடுக்கடலில் பாய்ந்தானா?

பத்து நாள் கழித்து, முற்பகல் நேரத்தில் அல்பொன்சா வந்தாள். எமிலின் மனைவி. கறுப்பு உடுப்பில் இருந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பொதி. உள்ளறைக்கு வந்தவள் உட்காரவில்லை.

"ஹவ்வாக்கா, வெளியில ஒராள் நிக்கிறார். சிலாபத்துத் தண்டல், சுமித் எண்டு பேர், வீடுகளத் தேடி வரக்குள்ள உடப்புல என்னத்தான் முதல்ல கண்டவர். நீங்க வரப்படாது எண்டு எனக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேளுங்க. கேட்டே ஆகணும்."

ஹவ்வா கதவுச் சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். சுமித் என்பவர் விறாந்தையில் நின்றபடி, தங்கைக்கு 'நங்கி', ஐயாவுக்கு 'மஹத்தயா' என்று சிங்களம் கலந்த தமிழில் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"நங்கி, நான் டீவியில அந்த மஹத்தயாவைப் பார்த்தது போன கிழமை. 'ஒரு போட்டும் எங்களைக் காணல்ல' எண்டு சொல்றார். எனக்குத் தலை சுத்தினது. நாங்க கண்டம் தானே. அவங்க இஞ்சின் நிண்டு ரெண்டாம் நாள். புயல் வருது எண்டு நாங்க கரைக்கு ஓடி வாறம். கிட்டப் போய்க் கத்தினேன். இந்தக் கடல்ல கட்டி இழுக்க ஏலாது, போட்டு போனா போகட்டும், ஆள் நாலு பேரும் வாங்க எண்டு."

"அவர் என்ன சொன்ன?" ஹவ்வாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"வேண்டாம் எண்டார். தன்ட ஆக்கள்ட போட்டு ஒண்டு வருது, பின்னேரத்துக்குள்ள வந்திரும் எண்டார். நான் நம்பினேன். அதுதான் கரைக்கு வந்தும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. அது என்ட பிழை, நங்கி." கதவுச் சீலைக்கு அருகே ஓர் அடி வந்தார். "ஆனா மத்த மூணு பேரும் வர நிண்டவங்க. ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார், தன்ட தண்டல்ட்ட. அந்தச் சின்னவர் தன்ட பேக்கை எங்கட போட்டுக்குள்ள எறிஞ்சிட்டார். ஒரு கால் தூக்கி எங்கட விளிம்புல வெச்சார். அந்த மஹத்தயா சேட்டுல பிடிச்சு இழுத்தார். 'போறவன் போ, ஆனா இனி என்ட மூஞ்சில முழிக்காதே' எண்டு சத்தம் போட்டார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் அசையல்ல. அலை பிரிச்சிட்டுது. பேக் எங்களோட வந்திட்டுது."

அல்பொன்சா பொதியைப் பிரித்தாள். நீல நிறத்தில் ஒரு சிறிய தோள்பை. உள்ளே ஒரு டீசேட், ஒரு சாரம், போன் சார்ஜர், மூலை கிழிந்த தேசிய அடையாள அட்டைப் பிரதி. அதில் சியாமின் படம்.

"என்ட மனிசன் உப்புத் தண்ணி குடிச்சுச் செத்தாராம்," என்றாள் அல்பொன்சா. "மாதா கோயில்ல பூசை வெச்சனாங்க. சாமியார்கூட அதத்தான் சொன்னார், பொறுமை இல்லாமப் போச்சு எண்டு. பொறுமை இல்லாமப் போச்சாம்!"

ஹவ்வா பையைக் கையில் எடுத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து கறுப்பு அபாயாவை எடுத்து வெள்ளைச் சேலைக்கு மேல் போட்டாள்.

"ஹவ்வாக்கா, இத்தா..."

"இத்தா எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில. இந்தப் பை சியாம்ட வாப்பாவுக்குச் சேர வேண்டியது. வா."

பட்டப்பகலில் அவள் தெருவில் இறங்கியதைக் கண்டு குழாயடியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். ஒருத்தி, "இவவுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்கும்படியாகவே சொன்னாள். ஹவ்வா திரும்பவில்லை. சுமித் பத்தடி தள்ளிப் பின்னால் வந்தார்.

பதுர்தீனின் வீட்டு முன்னறையில் ஜப்பார் இருந்தார். மகனைப் பறிகொடுத்த மனிதனுக்கு ஆறுதல் சொல்ல நாளும் வருவாராம். மேசையில் தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் இருந்தன. ஜப்பார் இன்னும் தேறவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, வெயில் பொசுக்கிய தோல் கழுத்தில் உரிந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் அவரைக் கண்டும் ஹவ்வா வாசலில் தயங்காமல் உள்ளே நடந்தாள்.

பதுர்தீன் எழுந்துவிட்டார். "ஹவ்வா, இதென்ன அநியாயம்? இத்தா இருக்கிற பொம்புள..."

"நாநா," என்று அண்ணன் முறை சொல்லி அழைத்தாள். "இது ஆர்ட பை எண்டு பாருங்க."

அவள் அதை மேசையில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். பதுர்தீன் கைநீட்டி எடுத்தார். திறந்தார். டீசேட்டை வெளியே இழுத்தார். மூக்கருகே கொண்டுபோனவர், பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"இது அவன் போகக்குள்ள கொண்டுபோனது. இது எங்கேருந்து?"

"சிலாபத்துப் போட்டுலேருந்து. ஒரு போட்டும் காணல்ல எண்டு தண்டல் சொன்னாரே, அந்தப் போட்டுலேருந்து."

பதுர்தீன் ஜப்பாரைத் திரும்பிப் பார்த்தார். "தண்டல்? பை பறந்தா போன?"

ஜப்பார் வாசலில் நின்ற சுமித்தைக் கண்டுவிட்டார். முகத்தில் இருந்த தளர்ச்சி போய், பழைய தண்டலின் இறுக்கம் வந்தது.

"சிலாபத்தானுக்கு என்னவும் சொல்லலாம். அவன்ட போட்டு ஆடின ஆட்டத்துல நாலு பேரும் தாண்டிப் போயிருந்தா பாதிப் பேர் நடுவுல விழுந்திருப்பாங்க. கடல் தெரிஞ்சவன் நான். முடிவெடுக்கிறது தண்டல்ட வேல."

"அப்ப போட்டு வந்தது உண்ம," என்றாள் ஹவ்வா.

"வந்திச்சு."

"போட்டு ஒண்டும் வரல்ல எண்டுதானே ஊருக்குச் சொன்ன."

"சொன்னா விளங்குமா உங்களுக்கு? கரையில சோறு தின்னுறவங்களுக்கு? முப்பத்தஞ்சு வருஷம் நான் ஒரு போட்டையும் கடல்ல விட்டுட்டு வந்ததில்ல. ஜப்பார் போட்ட விட்டுட்டு ஓடி வந்தான் எண்டு ஒருத்தன் சொல்ற நாள் வரப்படாது எண்டு நெனச்சன். ரெண்டு நாள்ல காத்துத் தணியும், நான் சரிக்கட்டிருவன் எண்டு நெனச்சன்."

"எமில் அண்ணன்?" என்று ஹவ்வா கேட்டாள்.

அல்பொன்சா முன்னால் வந்தாள். ஜப்பார் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஒம்பதாம் நாள் தண்ணி முடிஞ்சிச்சு. காச்சல் வந்திச்சு. பதினோராம் நாள் விடியக்குள்ள மூச்சு இல்ல."

"உப்புத் தண்ணி?" என்றாள் அல்பொன்சா.

அவர் சுவரைப் பார்த்தபடியே இல்லை என்று தலையசைத்தார். அல்பொன்சா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

ஹவ்வாவுக்கு ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்கும்போது அவள் குரல் உயரவில்லை.

"றஸீனுக்கு நீந்தத் தெரியாது. உங்களுக்கு அது தெரியும், பன்னெண்டு வருஷமாத் தெரியும். அவர் தானாப் பாயல்ல. ஆர் பாயச் சொன்ன?"

ஜப்பார் வெடித்த உதட்டை நாக்கால் நனைத்தார்.

"வெளிச்சம் தெரிஞ்சிச்சு," என்றார் கடைசியில். "கப்பல் வெளிச்சம். கிட்ட எண்டுதான் நெனச்சன். ஆரும் போய்க் கூப்பிட்டாத்தான் உண்டு. எனக்கு எழும்ப ஏலா. மெதப்ப ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டுப் போங்க எண்டு... நான் சொன்னன்."

"சொன்னதும்?"

"இறங்கினாங்க."

"ஒரு வார்த்தையும் பேசல்லியா?"

"றஸீன் சரி நாநா எண்டான்."

சரி நாநா. எந்தக் காற்றில் எந்தக் கடலுக்குக் கூப்பிட்டாலும் அவன் சொல்கிற இரண்டு வார்த்தை அதுதான். ஹவ்வாவுக்கு அந்தக் குரல் கேட்டது. எப்படிச் சொல்லியிருப்பான், சொல்லிவிட்டுச் சாரத்தை எப்படி மடித்துக் கட்டியிருப்பான் என்பதுகூடத் தெரிந்தது.

"சொல்லுக் கேக்காம மவுத்தானாங்க எண்டு பள்ளியில மைக்க வெச்சுச் சொன்னீங்களே," என்றாள். "உங்கட சொல்லக் கேட்டுத்தான் மூணு பேரும் மவுத்தான. ஒருக்கா, ரெண்டு தரம் இல்ல, கடைசி வரைக்கும் கேட்டாங்க. கேக்காம அந்தப் போட்டுல ஏறியிருந்தா இண்டைக்கு வீட்டுல இருந்திருப்பாங்க."

"நான் ஒருத்தனையும் கட்டிப் போடல்ல!" ஜப்பார் கத்தினார். "போறவன் போ எண்டுதான் சொன்னன்!"

"ஓம், சொன்ன. சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுச் சொன்ன."

இதுவரை பேசாமல் டீசேட்டை மடியில் வைத்திருந்த பதுர்தீன் தலை தூக்கினார். அவர் ஜப்பாரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற சுமித்தைப் பார்த்தார்.

"தம்பி, என்ட மவன் வரத்தானே நிண்ட?"

"ஓம், மஹத்தயா. ஒரு கால் எங்கட போட்டுல வெச்சிட்டார்."

பதுர்தீன் எழுந்து, மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். ஜப்பார் பாதி குடித்து வைத்த கோப்பை. அதைக் கொண்டுபோய் முற்றத்து மணலில் ஊற்றிவிட்டு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்டல், எழும்பிப் போங்க."

அதோடு ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. அப்படி நடக்கவில்லை. ஹவ்வாவுக்குத்தான் ஏச்சு விழுந்தது. இத்தாவை முறித்தவள், சிலாபத்தானின் கதையை நம்பித் தங்களைக் கரைசேர்த்த மனிதனுக்குச் சேறு பூசியவள். ஜப்பாரின் மனைவி ஜெமீலா வேலிக்கு வெளியே நின்று அரை மணிநேரம் ஏசினாள். "என்ட மனிசன் அண்டைக்கு உன்னக் கடல்ல போட்டிருக்கோணும்! நாலு பேர்ல ஒருத்தன் தப்பினது உனக்குப் பொறுக்கல்ல!" ஹவ்வா உள்ளே இருந்தே கேட்டாள். அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். ஸஹ்னாவுக்குக் கூட்டாளிகள் குறைந்தார்கள்.

பொலிசில் வாக்குமூலம் எழுதிய நாளில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஜப்பார் முதலில் கொடுத்த வாக்குமூலத்தைப் பார்த்து எழுதிய அலுவலர், 'தண்டலின் அறிவுறுத்தலை மீறி' என்று அவளுடைய தாளிலும் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டியபோது அவள் கையெழுத்துப் போட மறுத்தாள்.

"அத வெட்டுங்க. 'தண்டலின் சொற்படி' எண்டு எழுதுங்க."

"ஒரு சொல் தானே, அம்மா."

"ஓம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் வந்திருக்கிறன்."

அவர் பெருமூச்சு விட்டு வெட்டி எழுதினார். அல்பொன்சாவுக்கும் சுமித்துக்கும் அப்படியே எழுதப்பட்டது. விசாரணை அதற்குமேல் எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. பதுர்தீன் பள்ளிவாசல் தலைவர் பதவியை விட்டார். விடும் முன், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, உடல் இல்லாமல் இறந்தவர்களுக்காகத் தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகை வைக்கச் செய்தார். எத்தனை பேர் நின்றார்கள் என்று ஹவ்வா கேட்டாள். மூன்று வரிசை என்றார்கள். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

கச்சான் ஓய்ந்து, கடல் தணிந்து, தொழில் தொடங்கும் காலம் வந்தது. ஜப்பாருக்கு யாரோ தனவந்தர் புதுப் படகு ஒன்று கொடுத்திருந்தார். வெள்ளைச் சாயம் பூசி, பூமாலை போட்டு, துஆ ஓதிக் கடலில் இறக்கினார்கள். அதற்கும் கூட்டம் வந்தது. பொன்னாடையும் வந்தது. ஆனால் படகில் ஏற ஆள் வரவில்லை. ஒருத்தனுக்கு முதுகுவலி. ஒருத்தன் முந்தல் ஊரின் இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஒருத்தனை உம்மா விடவில்லை. யாரும் அவர் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. கண்டால் ஸலாம் சொன்னார்கள், தண்டல் என்றுதான் அழைத்தார்கள். படகுக்கு ஆளாகத் தங்கள் பெயரை மட்டும் கொடுக்கவில்லை. படகு ஒரு மாதம் நங்கூரத்தில் கிடந்து ஆடியது.

ஹவ்வாவின் இத்தா முடிந்து மூன்றாவது வாரம் ஒரு பின்னேரம், அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலிப்படலைக்கு வெளியே ஜப்பார் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவர் தலைமுடி முழுவதும் வெளுத்திருந்தது.

"சந்தோசமா, புள்ள?"

"இல்ல."

"ஊரெல்லாம் என்னக் கொலகாரனப் போலப் பாக்குது."

"நான் ஊருக்கு ஒண்டும் சொல்லல்ல. உங்க வாயால நீங்கதான் சொன்ன. பதுர்தீன் நாநாட முன்னறையில."

அவர் படலையின் கம்பியைத் தடவினார். "குருநாகல் பக்கம் மகள்ட வீட்டுக்குப் போறம். போட்டக் குடுத்திட்டன். போக முதல்..." கம்பியை விட்டுக் கையை இறக்கினார். "பொருந்திக்கோ, என்ன மன்னிச்சிரு. அதுக்குத்தான் வந்தன்."

ஹவ்வா கையில் இருந்த ஈரச் சட்டையைப் பிழிந்தாள். தண்ணீர் போன பிறகும் பிழிந்தாள்.

"அஞ்சு வயசுல என்ன நீங்க கரைசேத்த. உம்மா சாகும் வரைக்கும் அஞ்சு வக்துத் தொழுகையிலயும் உங்களுக்கு துஆச் செஞ்ச. அது ஒரு நாளும் இல்லாமப் போகாது, நாநா. அத நான் மறுக்கல்ல. ஆனா இதுக்குப் பொருந்த வேண்டிய ஆள் நான் இல்ல. அந்த ஆக்கள் கடலுக்குள்ள இருக்கிறாங்க. அவங்கள்ட்டப் போய்க் கேளுங்க."

"றஸீன் எண்டா பொருந்தியிருப்பான்."

அதுதான் அவளால் தாங்க முடியாத வார்த்தை. ஏனென்றால் அது உண்மை. றஸீன் பொருந்தியிருப்பான். அந்த நடுக்கடலில், மிதப்பைப் பிடித்த கை சோரும்போதுகூடப் பொருந்தியிருப்பான். அப்படிப்பட்டவர்களைத்தான் இந்த மனிதர் தெரிந்தெடுத்துப் படகில் ஏற்றினார்.

"ஓம், அவர் பொருந்தியிருப்பார்," என்றாள். "அதாலதான் நான் பொருந்தமாட்டன்."

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு மிச்ச உடுப்பைக் கொடியில் விரித்தாள். பெரிய சேலைகளை முதலில் போட்டாள். பிறகு ஸஹ்னாவின் பாடசாலைச் சீருடை. முடித்துத் திரும்பியபோது படலையில் ஆள் இல்லை. அவர் போன திசையை அவள் பார்க்கவில்லை. வெற்றுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய், மகளுக்குச் சோறு வைத்தாள்.